இலையில் இட்டவர் பொறுப்பு

காசு கொடுத்து உண்ணச் சென்றவர் நோயுற்றுத் திரும்பினால் அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் வினா நாட்டில் அடிக்கடி எழுகின்றது. உணவகத்தார் உடனே கூறும் விடை ஒன்றுண்டு: "சரக்கு எங்களுடையதன்று, அனுப்பியவரைக் கேளுங்கள்" என்பதே அது. அனுப்பியவர் தமக்கு முன்னவரைச் சுட்டுவார். அவர் லாரிக்காரரைச் சுட்டுவார். ஈற்றில் குற்றம் சாலையிலே கரைந்துவிடும். நோயாளி மட்டும் மருத்துவமனையில் எஞ்சுவார். இவ்விடை நியாயந்தானா என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் ஆராய்தல் வேண்டும். நம்முள் விளைவித்து அனுப்புவோர் உளர். சங்கத்தின் பேரால் சிற்றுண்டிச்சாலை நடத்துவோர் உளர். உண்போரோ நாம் அனைவரும்.

உணவில் நஞ்சு கலப்பதற்குத் தீயவன் ஒருவன் வேண்டுவதில்லை. 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நச்சுணவு உண்டு பலர் மாண்டனர். கேரளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உழவர்கள் பாலிடால் என்று வழங்கிய பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து, உணவுப் பொருள்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, கசிந்து கோதுமை மாவில் ஊறியிருந்தது. அம்மாவைப் பிசைந்தவரும் சுட்டவரும் பரிமாறியவரும் அதனை அறியார். அத்துயரின் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தும் துயர் ஓயவில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. 2016இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது அப்பள்ளியின் தலைமையாசிரியைக்கு. உணவைப் பொறுப்பேற்று அளித்தவரையே சட்டம் முதலில் தேடிச் சென்றது என்பதை நாம் கவனித்தல் தகும்.

நெசவாளர்களுக்கு இது புதிய நெறியன்று. சங்கத்தின் சேலை முதல் சலவையிலேயே சாயம் போனால், வாங்கிய அம்மையார் சாயக் கடையைத் தேடிச் செல்வதில்லை. நம் விற்பனை நிலையத்திற்கே வருகின்றார். முத்திரை நம்முடையது, ஆகவே விடை கூறவேண்டியவரும் நாமே. மாற்றுச் சேலை கொடுத்தனுப்பிய பின்னரே சாயம் விற்றவரோடு வழக்காடுகின்றோம். சேலையையாவது மாற்றிக் கொடுக்கலாம். உண்ட சோற்றை மாற்றிக் கொடுப்பார் எவருமில்லை.

உணவகத்தாரின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் முறையாகும். கண்ணுக்குப் புலப்படாத நஞ்சை அவர் எவ்வாறு அறிவார்? 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் இஞ்சிப் பானம் அருந்திய பெண்மணி ஒருவர், புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததெனக் கூறி வழக்குத் தொடுத்தார். புட்டி உள்ளே பார்க்க இயலாத கண்ணாடியாலானது, மூடியிட்டு வந்தது. கடைக்காரர் அதனைச் சோதிக்க வழியில்லை. பானத்தைத் தயாரிப்பவர், தம்மிடம் நேரில் வாங்காத கடைசி நுகர்வோருக்கும் கடமைப்பட்டவரே என்று 1932இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மூடிய புட்டிக்கு அது சரியான நீதி. நம் உணவகங்களுக்கு மீனும் இறாலும் திறந்த கூடையில் அல்லவா வருகின்றன? அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், முகரலாம், வேண்டாவெனத் திருப்பலாம். புட்டிக்குக் கிடைத்த மன்னிப்பைக் கூடைக்குக் கேட்டல் பொருந்தாது.

நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கின்றது. காலங்கடந்த பொருளையும், தூய்மையற்ற நிலையில் வைத்த பொருளையும், தீங்கானதென அறிந்தே பெற்ற பொருளையும் விற்றவர் 27ஆம் பிரிவின்படி பொறுப்பாளியாவார். எவரிடமிருந்து வந்ததென்று காட்ட இயலாத பொருளுக்கும் அவரே பொறுப்பாளி. நியாயமான சோதனைகளைச் செய்து, இயன்ற முன்னெச்சரிக்கை யாவும் எடுத்தவருக்கு 80ஆம் பிரிவு எதிர்வாதம் செய்ய இடமளிக்கின்றது. வணிகருக்கு விற்பவர் பொருளின் தரம் குறித்து எழுத்து மூலம் உறுதி தரவேண்டும் என்றும், விற்பனை ரசீதே அவ்வுறுதியாகக் கொள்ளப்படும் என்றும் 26ஆம் பிரிவு கூறுகின்றது. உயிரிழப்பு நேர்ந்தால் 65ஆம் பிரிவின்படி இழப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறைதல் கூடாது. இவற்றைச் சேர்த்துப் படிப்போர்க்குப் பொருள் தெளிவாகும்: உண்டவருக்கு விடை கூற வேண்டியவர் இலையில் இட்டவர், தமக்குச் சரக்குத் தந்தவரைச் சட்டத்தின் முன் நிறுத்த அவருக்கு உரிமையுண்டு, அவ்வுரிமைக்குச் சாவி ரசீது.

இந்நெறியை நம் மரக்காணம் கரையில் வைத்துப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மீனுக்காகவே உணவகத்தில் வண்டியை நிறுத்துகின்றனர். காலையில் கரையேறிய மீன் பின்வாசலில் எடை போடப்படும், காசு கைமாறும், காகிதம் கைமாறாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இன்றிச் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமைன் என்னும் பொருள் மிகுகின்றது. உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடலில் தடிப்பு எழும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அப்பொருள் அழியாது. நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் சமையலறை நம்பிக்கை இங்கே உதவாது. அடுப்பு நீக்காத நஞ்சை வாங்கும் இடத்திலேதான் தடுக்கவேண்டும்.

உப்பிற்கும் இது பொருந்தும். அளத்து உப்பு கருவாட்டிற்கும், தோல் பதனிடவும், தொழிற்சாலைகளுக்கும், சமையலுக்கும் எனப் பல வழிகளிற் பிரிந்து செல்வது. மக்கள் நேரே உண்பதற்கென விற்கும் உப்பில் அயோடின் சேர்த்திருத்தல் கட்டாயம். எழுத்தில்லாத மூட்டை வழி மாறிச் சமையலறைக்குப் போனால் அதனை அறிவார் யார்? தொழிலுக்குரிய பொருள் வயிற்றுக்குரிய வழியிற் புகுந்தால் விளைவது யாது என்பதை நம் பகுதி மறந்திருக்க முடியாது. 2023 மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது உணவகத்து நிகழ்ச்சியன்று; ஆயினும் அதன் பாடம் நமக்கும் உரியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்மணியிடம் அச்சிட்ட ரசீது கேட்பது கொடுமையன்றோ? கொடுமையே. ஆதலின் எழுதும் வேலை வாங்குபவருடையதாகட்டும். நாள், பெயர், மீன் வகை, எடை, ஐஸ் இருந்ததா இல்லையா என ஐந்து செய்திகளை உணவகத்தார் தம் புத்தகத்தில் எழுதி, விற்றவரிடம் கையொப்பமோ கைரேகையோ பெறலாம். அதைவிட முக்கியமானது விலை. ஐஸ் வாங்கவும் கட்டுபடியாகாத விலைக்கு மீன் கேட்பதும், கொடுக்கவேண்டிய பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் உணவகத்தார் சிலரின் வழக்கம். அவ்வாறு வாங்கிய மீன் கெட்டதென்றால் அக்கேட்டில் அவருக்கும் பங்குண்டு. குறைந்த விலைக்கு வாங்கிய இலாபம் தமக்கு, கெட்டதன் பழி விற்றவருக்கு என்பது எவ்வகை நீதி?

விளைவிப்போரும் இதனால் விடுபட்டவராகார். ரசீது எழுதினால் வம்பு வரும் என்று அங்கத்தினர் சிலர் அஞ்சுகின்றனர். எழுதாததால் வந்த வம்பை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். 2025 கோடையில், தர்ப்பூசணியில் நிறம் ஏற்றப்படுகின்றது என்னும் அச்சம் பரவியது. தமிழ்நாட்டில் பழத்தின் விலை வீழ்ந்தது. குற்றமற்ற விவசாயிகளும் நட்டமடைந்தனர். இன்ன வயல், இன்ன நாள் அறுவடை என்று கூறும் சீட்டுப் பழத்தோடு சென்றிருப்பின், நேர்மையாளர் எடுத்துக்காட்ட ஒரு சான்றாவது இருந்திருக்கும். மேலும், ஒரு தொகுதியில் ஒரு பகுதி தீங்கானதெனக் கண்டால், ஆய்ந்து மறுக்கப்படும்வரை தொகுதி முழுவதையும் சட்டம் அவ்வாறே கொள்கின்றது. பத்துப் பேர் சரக்கை அடையாளமின்றி ஒன்றாகக் கொட்டினால், ஒருவர் பிழைக்குப் பத்துப் பேரும் இழப்பர்.

ஆகவே நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில. அனுப்பும் ஒவ்வொரு கூடைக்கும் மூட்டைக்கும் நாளும் பெயரும் எழுதிய சீட்டு இணைத்தல் வேண்டும். பூச்சிமருந்து, சாயப்பொடி, காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை உணவுப் பொருளோடு ஒரே கிடங்கில் வைப்பதும், ஒரே வண்டியில் ஏற்றுவதும், அவற்றின் பழஞ்சாக்குகளில் அரிசியோ உப்போ கட்டுவதும் அறவே ஒழிதல் வேண்டும். நம் சிற்றுண்டிச்சாலைகளில் சரக்கை வாங்கும்போதே சோதித்து, ஐயமுள்ளதைத் திருப்பியனுப்பும் அதிகாரம் சமையற்காரருக்கு இருத்தல் வேண்டும். காரியதரிசி அதில் குறுக்கிடலாகாது. புகார் வந்தால் மீதியைக் கொட்டி மறைக்காமல், பரிமாறுவதை நிறுத்தி, மாதிரியை எடுத்து வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அதே சரக்கை வாங்கிய ஏனையோருக்கும் அன்றே தெரிவித்தல் வேண்டும். நோயுற்றவரின் மருத்துவச் செலவை முதலில் சங்கம் ஏற்கட்டும். அனுப்பியவரிடம் ஈடு கேட்பது அதற்குப் பின்னர்.

வரும் பொதுக்குழுக் கூட்டங்களில் நிர்வாகக் குழுவினர் இவற்றைத் தீர்மானமாகக் கொணர்தல் வேண்டும். சேலைக்குச் சாயம் போனால் விடை சொல்லும் நாம், சோற்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதற்கு வேண்டிய புத்தகமும் சீட்டும் சங்கத்திற்குப் பெருஞ்செலவு வைப்பனவல்ல.