மடியில் குழந்தை, எதிரே காற்றுப்பை!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேளம்பாக்கம் சந்திப்பில் ஒரே கார் மயம். கோவளம் கடற்கரைக்குச் சிலர், திருப்போரூர் முருகனைக் கும்பிடச் சிலர், மாமல்லபுரத்துக்குச் சிலர். அந்தக் கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பலவற்றில் முன் சீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் மடியில் குழந்தை இருக்கும்.

அது எத்தனை பெரிய ஆபத்து!

2025 அக்டோபரில், திருப்போரூர் அருகே ஒரு கார் முன்னே சென்ற கார் மீது மோதியது. உடனே காற்றுப்பை விரிந்து அடித்தது. முன் சீட்டில் மடியில் உட்கார்ந்திருந்த 7 வயதுச் சிறுவன் இறந்து போனான்.

காக்கும் பை கொல்லுமா?

கொல்லும். காரணம், அதன் வேகம். கார் பலமாக மோதியதும் பைக்குள் வாயு நிரம்புகிறது. கண் இமைப்பதற்குள், மணிக்குச் சுமார் 300 கிலோ மீட்டர் வேகத்தில் அது விரிகிறது.

பெல்ட் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவருக்காகச் செய்யப்பட்டது அந்தப் பை. அவர் அதன் மேல் சாயும்போது அது விரிந்து முடிந்திருக்கும், மெத்தைபோலத் தாங்கும். மடியில் இருக்கும் குழந்தையோ பைக்கு மிக அருகில் இருக்கிறது. விரிகின்ற வேகத்திலேயே அடி விழுகிறது. அப்போது அது மெத்தை அல்ல, சம்மட்டி!

"நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்கிறீர்களா? முடியாது. மோதும் வேகத்தில் குழந்தை பல மடங்கு கனத்துவிடும். எந்தக் கையும் தாங்காது.

பின் சீட்டுக்கும் பெல்ட்

2022 செப்டம்பர் 4-ந் தேதி, டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மராட்டிய மாநிலத்தில் கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார்தான். ஆனால் பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. முன் சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

* 12 வயது வரை குழந்தைகளைப் பின் சீட்டிலேயே உட்கார வையுங்கள். சிறு குழந்தைக்கு அதற்கென்று உள்ள தனி சீட் வேண்டும்.
* பெல்ட் தோளிலும் இடுப்பு எலும்பிலும் படிய வேண்டும். கழுத்தில் உரசக்கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும்.
* ஓட்டுபவரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டி மீட்டராவது இடைவெளி வேண்டும்.
* காற்றுப்பை உள்ள இடத்தின் மேல் சாமி பொம்மை, செல்போன் எதையும் வைக்காதீர்கள்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட் இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். ஆனால், அபராதத்துக்குப் பயந்தா குழந்தையைக் காப்பாற்றுவது?

பெற்றவர் மடியைவிடக் குழந்தைக்குச் சுகமான இடம் இல்லை. வீட்டில் அது சரி. காரில், பின் சீட்டும் பெல்ட்டும்தான் குழந்தைக்குக் காவல்!