சாவி யார் கையில்?

"கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது! வெள்ளையர் வரலாம், கறுப்பர் வரலாம், எந்த நிறத்தவரும் வரலாம். பிறகு ஏன் கறுப்பர்கள் தமக்கென்று தனி ஆலயம் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள்? பேதத்தை வளர்ப்பவர்கள் அவர்களல்லவா?" - அமெரிக்கக் கிறித்துவ உலகில் இன்றும் காதில் விழும் பேச்சு இது.

பேச்சு இனிக்கிறது, தோழர்களே! கரும்புச்சாறுதான்! ஆனால், ஒதுங்கினார்களா, ஒதுக்கப்பட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கரும்புச்சாறு கஷாயமாகிவிடும். கேட்டுத்தான் பார்ப்போமே! அதற்குப் பிலடெல்பியா நகரத்துக்குப் போகவேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கும் முந்திய காலத்துக்குப் போகவேண்டும்.

ரிச்சர்டு ஆலன் - 1760-ல் அடிமையாகப் பிறந்தவர். விறகு வெட்டினார், செங்கற் சூளையில் வேலை செய்தார், உப்பு வண்டி ஓட்டினார். அந்தக் கூலியைக் காசு காசாகச் சேர்த்துத் தம்மைத் தாமே விலை கொடுத்து வாங்கினார். ஆமாம்! நாம் மாடு வாங்குவோம், மனை வாங்குவோம். அந்த மனிதர் தம் உடலையே எசமானனிடமிருந்து வாங்கினார்!

1786-ல் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் பிரசங்கம் செய்ய அவருக்கு இடம் கொடுத்தார்கள். எந்த நேரத்தில் தெரியுமா? விடியற்காலை 5 மணிக்கு! சீமான்கள் போர்வைக்குள் புரண்டு கொண்டிருக்கும் நேரம். பாட்டாளி எழுந்திருக்கும் நேரம். ஆலன் பேசினார், கறுப்பின மக்கள் திரண்டனர். திரளத் திரள வெள்ளையருக்கு உள்ளம் உறுத்தியது. வழக்கமாக உட்காரும் இருக்கைகளிலிருந்து அவர்களை எழுப்பிச் சுவரோரமாகத் தள்ளினார்கள். பிறகு ஆலயத்தில் மாடி கட்டினார்கள், புதிய தளம் போட்டார்கள். அந்தச் செலவுக்கு நாங்களும் தாராளமாகக் கொடுத்தோம் என்று ஆலனே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். பணத்திலே நிறமில்லை பாருங்கள், அதை வாங்கிக்கொண்டார்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. 1787 என்பது வழிவழியாகச் சொல்லப்படும் ஆண்டு. 1792 என்று கணக்கிடும் ஆய்வாளரும் உண்டு. தகராறு ஆண்டைப் பற்றித்தான்; நடந்ததைப் பற்றி இல்லை. வாயிலில் நின்ற ஆலய ஊழியன் மாடிக்குப் போகச் சொன்னான். போனார்கள். முன்பு கீழே உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே, மாடியில் இடம்பிடித்தார்கள். "ஜெபிப்போம்" என்றது கீழிருந்து ஒரு குரல். மண்டியிட்டார்கள். கண்மூடிய அந்த நேரத்தில் ஒரு தர்மகர்த்தா வந்து, ஆலனின் நண்பர் அப்சலம் ஜோன்ஸைக் கையைப் பிடித்து இழுத்தார். எழுந்திரு, இங்கே மண்டியிடக்கூடாது! ஜெபம் முடியட்டும் ஐயா, பிறகு உங்களுக்குத் தொல்லை தரமாட்டோம் என்று கேட்டுக்கொண்டார் ஜோன்ஸ். முடியும்வரை பொறுக்கக்கூட அந்தப் பக்திமானுக்கு மனம் வரவில்லை. துணைக்கு இன்னொருவரை அழைத்தார்! ஜெபம் முடிந்தது. கறுப்பின மக்கள் ஒருவர் மிச்சமில்லாமல் ஒன்றாக எழுந்தார்கள், ஒன்றாக வெளியேறினார்கள். தாங்கள் காசு கொடுத்துப் போட்ட தளத்தின்மீது நடந்து வெளியேறினார்கள்!

தனி ஆலயம் பிறந்த கதை இதுதான். மண்டியிட்ட முழங்காலைத் தூக்கி நிறுத்தியவனுக்குப் பிரிவினைக்காரன் என்று பெயரில்லையாம். எழுந்து போனவனுக்கு அந்தப் பட்டமாம்!

கதை இதோடு முடிந்திருந்தால் கண்ணீரோடு முடிந்திருக்கும். இதற்கு மேல்தான் சூது இருக்கிறது. பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கிக் குதிரைகளைப் பூட்டி இழுத்து வந்து, ஆலன் 1791-ல் வாங்கியிருந்த மனையில் நிறுத்தினார்கள். 1794-ல் அது 'பெத்தேல்' ஆலயம் ஆயிற்று. மனை அவர்களுடையது, பட்டறை அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. சபை மட்டும் மெதடிஸ்ட் சபை. 1796-ல் ஆலயத்தைச் சட்டப்படி பதிவு செய்ய ஒரு வெள்ளை மூப்பர் உதவிக்கு வந்தார். பத்திரம் எழுதினார். நம்பி ஒப்பமிட்டார்கள். சுமார் 10 ஆண்டு கழித்து வேறொரு மூப்பர் வந்து, சாவியைக் கொடு, கணக்குப் புத்தகத்தைக் கொடு, என் உத்தரவு இல்லாமல் இங்கே கூட்டம் கூடாது என்றாரே, அப்போதுதான் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். சொத்து, வெள்ளையர் நடத்தும் மெதடிஸ்ட் மாநாட்டைச் சேர்ந்தது என்று அதிலே இருந்தது!

கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த குடியானவனைக் கண்டவர்கள் நாம். இந்த வித்தையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலன் விடவில்லை. 1807-ல் சட்டப்படியே ஒரு திருத்தம் கொண்டுவந்து, அதிகாரத்தைச் சபை மக்களிடம் திருப்பினார். மூப்பர்கள் பிரசங்கத்துக்கு விலை ஏற்றினார்கள். 1815-ல் ஆலயத்தையே ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தன் மனையில், தன் மக்கள் எழுப்பிய ஆலயத்தை, ஏலத்தில் 10,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார் ஆலன்! முதலில் தம் உடலை வாங்கினார். பிறகு தம் ஆலயத்தை வாங்கினார். அதற்குப் பிறகும் ஒரு மூப்பர், பிரசங்க மேடை எனக்கே என்று வந்தார். மக்கள் நடைபாதை முழுவதும் நெருக்கி நின்றார்கள். மேடையை அவர் எட்ட முடியவில்லை. வழக்குப் போட்டார். 1816 தொடக்கத்தில் பென்சில்வேனியா உச்சநீதிமன்றம் பெத்தேல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை பிறந்தது; ஆலன் அதன் முதல் பிஷப்.

அப்சலம் ஜோன்ஸ் வேறு பாதையில் போனார். அவருடைய புனித தாமஸ் ஆலயம் எபிஸ்கோபல் சபையில் சேர்ந்தது. வாருங்கள் என்று சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை - சபை மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்பக்கூடாது! பந்தியில் இடமுண்டு, வாய் திறக்க உரிமையில்லை. அந்த உரிமை கிடைக்க 60 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அதெல்லாம் அடிமைக் காலம், பழங்கதை என்பீர்களா? புனித ஜார்ஜ் ஆலயம் சேர்ந்திருந்த மெதடிஸ்ட் சபையையே பாருங்கள். 1939-ல் மூன்று மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாயின. ஒற்றுமை விழா! வெள்ளையரை ஊர்வாரியாக ஐந்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். கறுப்பருக்கு மட்டும் ஊர் ஏது, திசை ஏது? நிறத்தை வைத்து ஆறாவது மண்டலம் அமைத்தார்கள். 'மத்திய மண்டலம்' என்று அழகான பெயர்! 1968 வரை அது இருந்தது.

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் காலோவே மெதடிஸ்ட் ஆலயம். 1963 ஜூன் 9, ஞாயிறு. ஐந்து கறுப்பின மாணவர்கள் வழிபட வந்தார்கள்; வாயிலிலேயே மடக்கித் திருப்பியனுப்பினார்கள். உள்ளே பிரசங்கம் செய்து கொண்டிருந்த வெள்ளைப் போதகர் செலாவுக்குச் செய்தி எட்டியது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கே பணியாற்றியவர். நிறத்தைப் பார்த்து அடைக்கும் கதவுக்குப் பின்னே நான் ஊழியம் செய்யமாட்டேன் என்று அந்த மேடையிலேயே பதவி விலகினார். வெள்ளையரிலும் மனிதர் இருந்தார்கள் என்பதை மறைக்க நமக்கு அவசியமில்லை. 1964 ஈஸ்டர் ஞாயிறன்று அதே வாயிலுக்கு இரண்டு பிஷப்புகள் வந்தார்கள். சார்லஸ் கோல்டன் கறுப்பர். ஜேம்ஸ் மாத்யூஸ் வெள்ளையர், நம் நாட்டில் மிஷனரியாக இருந்தவர். இருவரும் அந்த மெதடிஸ்ட் சபைக்கே பிஷப்புகள்! உயிர்த்தெழுந்த திருநாளில், தம் சபை ஆலயத்தின் படிக்கட்டிலிருந்து திருப்பியனுப்பப்பட்டார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மாறவில்லை என்று சொன்னால் பொய். எந்த ஓர் இனத்தவரும் நூற்றுக்கு 80-க்கு மேல் இல்லாத கலப்புச் சபைகள், அமெரிக்காவில் 1998-ல் நூற்றுக்கு 6. 2018-19 ஆய்வில் 16. நல்ல செய்திதான். எண்ணிக்கையோடு திருப்தி அடைபவர்களிடம் நான் கேட்பது, வந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான். வரவேற்புப் பலகையில் அவன் படம் இருக்கிறது. சொத்துப் பத்திரத்தில் ஒப்பமிடும் குழுவில் அவன் இருக்கிறானா? போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது அவன் வாக்கு எண்ணப்படுகிறதா? அவன் பாட்டி பாடிய பாட்டு அங்கே ஒலிக்கிறதா, அல்லது அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டுமா? தெருவிலே அவன் இனத்துப் பிள்ளை சுடப்பட்டால், அடுத்த ஞாயிறு மேடையில் அதைப் பேசலாமா, பேசினால் சபை ஒற்றுமை கெடும் என்பார்களா? இவற்றுக்கு விடை சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள், தனி ஆலயம் எதற்கு என்று!

பிலடெல்பியாவில் ஆறாவது தெருவும் லம்பார்டு தெருவும் கூடும் மூலையில் பெத்தேல் இன்றும் நிற்கிறது. இப்போதிருப்பது நான்காவது கட்டடம். ஆலனின் கல்லறை அதன் அடித்தளத்தில். 1791-ல் வாங்கிய மனை இன்றுவரை கறுப்பின மக்கள் கையை விட்டுப் போகவில்லை. 2009-ல் பெத்தேல் சபையார் புனித ஜார்ஜ் ஆலயத்துக்கு வழிபடச் சென்றார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்து வெளியேறியவர்களின் வாரிசுகள், அழைக்கப்பட்ட விருந்தினராகப் போனார்கள். 2012-ல் இரு ஆலயங்களும் சார்ந்த மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றையொன்று சமமாக ஏற்று உடன்பாடு செய்துகொண்டன. அதற்காகப் பெத்தேல் மக்கள் தங்கள் ஆலயத்தின் சாவியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.