நடவு நாளும் மாத்திரை நாளும்

ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது என்பது நெடுநாளைய வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் பகல் வேளையில் வீட்டில் ஆள் பார்ப்பது அரிது. பெண்கள் விடியுமுன்பே நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கவேண்டிய நாளும் அந்த வாரத்திலேயே வந்து தொலைத்தால்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று வாங்கிவர யாருக்கு மனம் வரும்? "தலை சுற்றவில்லையே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள்.

இந்த வியாதியின் சூழ்ச்சியே அதுதான். வலிக்காது, காய்ச்சல் அடிக்காது. 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டிய பிறகும் பல வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான்! மருந்து இல்லாமலா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது இந்தக் குறைக்காகத்தான். பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய், பிரஷர் பார்த்து, மாத்திரையையும் கையில் கொடுத்தார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

இப்போது இன்னொரு பேச்சு பலமாகக் கேட்கிறது. செல்போன்தான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, ஆளுக்கு ஏற்ற யோசனையை அதுவே சொல்லிவிடாதா என்கிறார்கள். சொல்லும், சந்தேகமில்லை. ஆனால் போன் மட்டும் போதுமா என்பதற்கு அனுபவம் இருக்கிறது. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் 'எம்-வெல்கேர்' என்ற ஏற்பாட்டைச் சோதித்தார்கள். பாதி இடங்களில் நோயாளியின் விவரத்தைப் பார்த்துச் சிகிச்சை யோசனை சொல்லும் கருவி இருந்தது. மற்றப் பாதியில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி மட்டும். 2019-ல் வெளிவந்த முடிவு என்ன? இரு பக்கமும் ரத்த அழுத்தம் இறங்கியது. கருவியால் தனியாகக் கூடுதல் லாபம் தெரியவில்லை.

பஞ்சாபிலும் மகாராஷ்டிரத்திலும் 'சிம்பிள்' என்ற செயலியை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். அது நோயாளிக்கு உபதேசம் செய்வதில்லை. குறித்த நாளில் வராதவர் யார் யார் என்று நர்சுக்குப் பட்டியல் காட்டும். நர்சு கூப்பிட்டுப் பேசுவார். நமக்கு இதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

ஆளுக்கேற்ற யோசனை என்றால் டெல்டாவில் அது ஊருக்கேற்றதாகவும் இருக்கவேண்டாமா? "உப்பைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி என்ன பயன்? உப்புக்காக 1930-ல் வேதாரண்யத்துக்கு நடந்த பூமி இது. உப்பை விடு என்றால் லேசில் கேட்குமா! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டிதான். பழையதுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றிலேயே பெரும்பகுதி தீர்ந்துபோகும். இவற்றின் பெயரைச் சொல்லிப் பேசினால் கேட்பவருக்கு விளங்கும். அதையும் எழுத்தில் அனுப்பாமல் குரலில் அனுப்பவேண்டும். கண்ணாடி இல்லாத பாட்டி எழுத்தை எங்கே படிப்பாள்?

குறுவை நடவு எப்போது, சம்பா அறுப்பு எப்போது என்பதும் அந்தச் செயலிக்குத் தெரிந்திருக்கவேண்டும். தண்ணீர் வரும் தேதி தள்ளிப்போனால் நடவும் தள்ளிப்போகும், ஞாபகமூட்டலும் கூடவே நகரவேண்டும். நடவு தொடங்குமுன்பே, டாக்டர் சம்மதித்தால், இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். மாலையில் வரப்போரமாகவே பிரஷர் பார்க்கலாம். கருவி பெரிய சுமை இல்லை.

இன்னும் ஒன்று. பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு நேரே இருக்கும் நம்பர் பல வீடுகளில் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகனுடையது. "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்ற குரல் அவன் காதில்தான் ஒலிக்கும். செயலி எழுதுகிறவர்கள் முதலில் அந்த நம்பர் யாருடையது என்று தன்னார்வலரை ஒரு தடவை கேட்டுவரச் சொல்லட்டும்.