லோரி நடுங்கினால் டிரைவர் மேல் பழியா?

"கிளட்ச்சை ஒழுங்கா விடத் தெரியலே, அதான் வண்டி நடுங்குது!" தோட்ட ஆபீசில் டிரைவருக்கு இப்படி ஏச்சு விழுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி நடுங்கத் தொடங்கினால் முதல் குற்றவாளி அவர்தான். அப்புறம் எஞ்சின் மவுண்டிங் ரப்பரை மாற்றுவார்கள். ரெண்டு வாரம் போனால் பழைய நடுக்கம், பழைய ஏச்சு.

டிரைவர் தம்பிமார்களே, ஏச்சு வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மெதுவாக எண்ணெயை மிதியுங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் கோளாறு எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் நடுங்கினால் டயரையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பக்கம் என்று தெரிந்தால், மவுண்டிங்கோடும் இஞ்ஜெக்டரோடும் முன்பக்கப் புல்லியையும் பாருங்கள். ஃபேன் பெல்ட் ஓடுகிற அந்தப் பெரிய புல்லி பல வண்டிகளில் வெறும் புல்லி அல்ல. அதற்கு ஹார்மோனிக் பேலன்சர் என்று பெயர். நடுவில் ஓர் இரும்புக் குடம், வெளியே கனமான வளையம், இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கையில் கிராங்க் ஷாஃப்ட் துளி முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அந்த முறுக்கத்தை வாங்கி அடக்குவதே இதன் வேலை. சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் வருஷக்கணக்கில் கிடந்த ரப்பர் வெடித்துப் பிதுங்கும். வளையம் தனியே நழுவும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வளையம் வரை வெள்ளைச் சாயத்தில் ஒரே கோடு போடுங்கள். சில நாள் ஓடியபின் கோடு ரெண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் ரப்பர் செத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது புல்லி கோணலாக ஆடுவதும், பெல்ட் ஓரம் பிய்வதும் இதே அறிகுறிதான். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பெரிய எஞ்சின் சிலவற்றில் ரப்பருக்குப் பதில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் அடைத்திருக்கும். அதில் கோடு போட்டுப் பயனில்லை.

"நடுங்குனா நடுங்கட்டும், ஓடுதுல்ல" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளையம் கழன்றால் பெல்ட் போகும். பெல்ட் போனால் தண்ணீர் பம்ப் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. சின்ன டீசல் லோரிகள் பலவற்றில் பிரேக்குக்கு வேண்டிய வாக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் ஒன்றிரண்டு மிதிக்குப் பிரேக் பிடிக்கும். பிறகு கல்லை மிதிப்பது போலத்தான். குலையோடு மேட்டிலிருந்து இறங்கும்போது இது நடந்தால்? நடுக்கத்தை விட்டே வைத்தால் கிராங்க் ஷாஃப்டே முறியவும் கூடும். அப்போதும் டிரைவரையா ஏசுவார்கள்?

பட்டறைக்காரர்களுக்கும் சொல்கிறோம். மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுக்காதீர்கள், சுத்தியலால் அடித்து ஏற்றவும் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் புது ரப்பரும் அன்றைக்கே கிழியும். குடத்தில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லரே சரி. கழற்றிய கையோடு முன் எண்ணெய் சீலையும் மாற்றிவிடுங்கள். நடு போல்ட்டை எஞ்சின் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சில எஞ்சின்களுக்குப் பழைய போல்ட் ஆகாது, புதிதுதான் போட வேண்டும்.

ஆபீசுக்குச் சொல்வதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள், தம்பி! லோரிப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி தரப்பு அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள அது உரிமை தருகிறது. சொன்னோம் என்பதற்குச் சாட்சி அந்த லோரிப் புத்தகம்தான். கிராணி கையெழுத்துப் போட மறுத்தால், எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் அன்றே காட்டுங்கள்.