வழக்கை வென்ற தாய்

வடக்கின் நீதவான் நீதிமன்றம் ஒன்றிற்குச் செய்தி சேகரிக்கச் சென்றுவந்த நாட்களில், அதன் வளவில் காத்திருக்கும் தாயொருவரை அடிக்கடி காண்பேன். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலைத் துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். கணவனின் அடியிலிருந்து காக்க, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவருக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. நான் நான்கு வரிச் செய்தி எழுதினேன்.

அதன் பின்னர் நடந்தது செய்தியாகவில்லை. வாடகைக்கு வழியில்லாமல் சில மாதங்களிலேயே பிள்ளைகள் இருவரையும் சிறுவர் இல்லத்தில் விட நேர்ந்தது. அவர் பெயரில் சிறிய காணி இருந்தது. தேசவழமையின்படி அதனை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்பட்டது. அடித்தவனிடமே கையொப்பம் கேட்க வேண்டும்! மாவட்ட நீதிமன்றத்தை நாடி அத்தடையை நீக்க வழியுண்டு என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. தாபரிப்புக்குத் தனி மனு, விவாகரத்துக்கு வேறு நீதிமன்றம், நிவாரணத்துக்குப் பிரதேச செயலகம். குடும்பத்தின் துன்பம் ஒன்றுதான், வாசல்கள்தான் பல.

சட்டத்தரணிகளைக் குறைகூற நான் வரவில்லை. 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இல்லையேல் ஏழைகள் பலர் நீதிமன்றப் படியே ஏறியிருக்கமாட்டார்கள். ஆயினும் சட்டத்தரணி வழக்கைப் பார்க்கிறார். வீட்டைப் பார்ப்பவர் யார்? கட்டளை பேணப்படுகிறதா எனக் கண்காணிக்கச் சமூகப் பணியாளரை நியமிக்கலாம் என 2005ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது.

நியூயோர்க் நகரில், பிள்ளைகளை இழக்கும் நிலையிலுள்ள பெற்றோருக்காகச் சட்டத்தரணியும் சமூகப் பணியாளரும், முன்னர் அதே துன்பத்தை அனுபவித்த பெற்றோர் ஒருவரும் ஒரே அலுவலகத்திலிருந்து பணியாற்றுகின்றனர். தனிச் சட்டத்தரணிகள் வாதாடிய குடும்பங்களின் பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், இக்குழுக்கள் உதவிய குடும்பங்களின் பிள்ளைகள் நான்காண்டுக் காலத்தில் சராசரியாக 118 நாட்கள் குறைவாகவே வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தனர் என 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பிள்ளைகளின் பாதுகாப்பு அதனால் குன்றவுமில்லை.

பணமில்லை என்பார்கள். நமது பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் ஏற்கெனவே சம்பளம் பெறுகின்றனர். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் சட்ட உதவி அலுவலகத்தில், சட்டத்தரணியின் மேசைக்கருகில் அமரட்டும். அதற்குப் புதிய சட்டமோ கட்டடமோ தேவையில்லை. இரண்டு நாற்காலிகள் கூடுதலாக வேண்டியிருக்கும்.