காதில் வைக்கும் ஹேண்ட்ஸ்ப்ரீ: வாங்கு முன் பார்க்க வேண்டியவை



சென்ற இதழில் நுண்கடன் பத்திரங்களில் கையெழுத்திடு முன் பார்க்க வேண்டியவை பற்றிப் பேசினோம். இம்முறை ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன். கைத்தொலைபேசியில் செருகிக் காதில் வைக்கிறோமே, வயர் உள்ள ஹேண்ட்ஸ்ப்ரீ, அதைப் பற்றி. "இது பாட்டுக் கேட்கும் இளசுகளின் சாமான் தானே, இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மாவைச் சந்திக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் குடியேறியதை நீங்கள் அறிவீர்கள். 1983இலும் அதுவே நடந்தது. இந்த அம்மாவின் பெற்றோரும் அப்படிப் போனவர்கள். அவர் கிளிநொச்சியில் வளர்ந்தார், அங்கேயே கல்யாணம் முடித்தார். 2009இல் இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தார். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு, சொந்தக்காரர்களைத் தேடி மாத்தளைக்கே திரும்பி வந்தார். பக்கத்தில் ஷெல் விழுந்ததில் வலது காது முற்றாகக் கேட்காது. இடது காது அரைகுறை.

மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார். அம்மாவுக்கு வாசிக்க வராது என்பதால் வட்ஸ்அப்பில் குரலில்தான் செய்தி அனுப்புவார். லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். லவுட் ஸ்பீக்கரில் போட அம்மாவுக்கு மனமில்லை. தொலைபேசியை இடது காதில் அழுத்திப் பிடித்துக் கேட்டு, பாதியை விளங்கிக்கொண்டு, மீதியை ஊகித்துக்கொள்வார்.

"சம்பளம் வந்திருச்சுன்னு சொல்றா மிஸ். ஆனா காசு இன்னும் வரல்ல. பேங்க்குல ஏதும் பிழையோ தெரியல்ல, கொஞ்சம் கேட்டுப் பாருங்க மிஸ்" என்று ஒரு நாள் என்னிடம் தொலைபேசியைத் தந்தார். என் பையிலிருந்த ஹேண்ட்ஸ்ப்ரீயை மாட்டிக் கேட்டேன். மகள் சொன்னது வேறு. "சம்பளம் வரல்லம்மா. மூணு மாசமாச்சு. யாருக்கும் சொல்லாதீங்க."

அந்தச் செய்தி வந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன.

நாங்கள் செய்து பார்த்த பரிசோதனை

அதற்குப் பிறகு எங்கள் மாதர் குழுவில் இதைப் பற்றிப் பேசினோம். யுத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்கள் அங்கேயே மூவர் இருந்தார்கள். குறைந்த செலவில் எதை வாங்கினால் பேச்சுத் தெளிவாகக் கேட்கும் என்று பார்க்கத் தீர்மானித்தோம். மூன்று விதமானவற்றை எடுத்துக்கொண்டோம். முதலாவது, பஸ் நிலையத்துக்கு அருகில் நடைபாதையில் 400 ரூபாவுக்கு வாங்கியது. இரண்டாவது, கடையில் பில்லோடு 1,500 ரூபாவுக்கு வாங்கியது. மூன்றாவது, குழுவிலுள்ள ஒரு தங்கச்சியின் தம்பி வைத்திருந்தது. சத்தத்தின் தன்மையை மாற்றுவதற்கு அதன் உடலிலேயே நான்கு சின்னச் சுவிட்சுகள் உண்டு. கே.இசட் போன்ற சீன நிறுவனங்கள் இத்தகையவற்றைச் செய்கின்றன. வெளிநாட்டில் 20 டொலர் அளவில் விற்பவை, இங்கு வந்து சேரும்போது பல ஆயிரம் ரூபா ஆகிவிடும்.

பாட்டைப் போட்டு நாங்கள் சோதிக்கவில்லை. பாட்டு எதிலும் இனிமையாகத்தான் கேட்கும். ஒரு சகோதரி "பட்டு, கட்டு, தட்டு, மட்டு, நட்டு" என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிக் குரல் பதிவு செய்தார். மற்றவர்கள் கேட்டுவிட்டு என்ன சொல் என்று சொல்ல வேண்டும். நீங்களும் கடையில் நின்றபடியே இதைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

நடைபாதையில் வாங்கியதில் "டும் டும்" என்ற அடித்தொனிதான் முன்னுக்கு நின்றது. காது நன்றாக உள்ளவர்களே சில சொற்களைத் தவறவிட்டார்கள். அம்மாவுக்குப் பாதிக்கு மேல் பிழைத்தது. மூன்று வாரத்தில் அதன் வயர் பின்னடியில் அறுந்தும் போனது. பில் இல்லாததால் யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஏன் அடித்தொனி கூடினால் பேச்சுக் கேட்பதில்லை?

நாம் பேசும்போது அ, ஆ, உ போன்ற உயிரொலிகள் கனமாக வருகின்றன. சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டும் க, ச, ட, த, ப போன்ற ஒலிகள் மெல்லியவை. அவற்றைப் பிரித்தறிய உதவும் பகுதி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையிலான மேல் தொனிகளில் இருக்கிறது. குண்டுச் சத்தத்தாலும் இயந்திர இரைச்சலாலும் பழுதடையும் காதில் முதலில் குறைவது 4,000 ஹேர்ட்ஸை அண்டிய பகுதிதான். அதனால்தான் "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு விளங்கல்ல" என்று பலர் சொல்கிறார்கள். சத்தத்தை இன்னும் கூட்டினால் கனமான ஒலி மெல்லிய ஒலியை மூடிவிடும். அடித்தொனியைக் குறைத்து, மேல் தொனியைச் சற்றுக் கூட்டுவதே வழி.

தொனியை மாற்ற மூன்று வழிகள்

1. இறப்பர் முனை: பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் இறப்பர் முனைகள் வரும். காதுத் துவாரத்துக்குப் பொருந்தும் அளவைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம். இறுக்கமாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் குறையும், ஒலியளவைக் கூட்டத் தேவையிருக்காது.

2. தொலைபேசியிலுள்ள ஈகுவலைசர்: பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் செட்டிங்ஸில் சத்தத்துக்கான பகுதியில் இது இருக்கிறது. பெரும்பாலும் 60, 230, 910, 3,600, 14,000 என ஐந்து கோடுகள் இருக்கும். முதலிரண்டையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். 3,600 என்பதைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். கூகுள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட "சவுண்ட் அம்ப்ளிபயர்" என்ற இலவசச் செயலியும் இதைப் போன்ற வேலையைச் செய்கிறது. ஒரு காது மட்டும் கேட்பவர்கள் எக்ஸசிபிலிட்டி பகுதிக்குள் "மோனோ ஓடியோ" என்பதைப் போட்டுவிடுங்கள். பாட்டு, நாடகம், பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றில் இரண்டு பக்கமாகப் பிரிந்து வரும் ஒலி ஒன்றாகச் சேர்ந்து கேட்கும் காதுக்கு வரும்.

3. ஹேண்ட்ஸ்ப்ரீயிலுள்ள சுவிட்ச்: நான் சொன்ன மூன்றாவது வகை இது. சுவிட்சுகளை ஊசி முனையால் மேலும் கீழும் தள்ள வேண்டும். கண் பார்வை குறைந்தவர்களுக்குக் கஷ்டம். ஒருமுறை பிள்ளைகளைக் கொண்டு சரிசெய்துவிட்டால் பிறகு தொடத் தேவையில்லை.

எங்கள் முடிவு

1,500 ரூபாவுக்கு வாங்கியதை, சரியான இறப்பர் முனையோடும் ஈகுவலைசரை மாற்றியும் கேட்டபோது, குரல் செய்தியில் விலை கூடியதற்கும் அதற்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவும் அநேகமான சொற்களைச் சரியாகச் சொன்னார்.

ஆனால் ஒரு விடயத்தில் சுவிட்ச் உள்ளது வென்றது. பல தொலைபேசிகளில் ஈகுவலைசர் பாட்டுக்கும் பதிவுக்கும் மட்டுமே வேலை செய்யும், நேரடியாகப் பேசும் அழைப்புக்கு வேலை செய்யாது. சுவிட்ச் ஹேண்ட்ஸ்ப்ரீயிலேயே இருப்பதால் அழைப்பிலும் அதே தொனி கிடைக்கும். இந்த வகையில் பலவற்றின் வயரைக் கழற்றி மாற்றவும் முடியும். வயர் அறுந்தால் முழுவதையும் வீச வேண்டியதில்லை.

ஆகவே காது நன்றாக உள்ளவர்களும், குரல் செய்தி, பாடம், பாட்டுக் கேட்பவர்களும் பெரிய செலவுக்குப் போக வேண்டாம். ஓரளவு காது கேட்டு, தூரத்திலுள்ள பிள்ளைகளோடு அடிக்கடி நேரடியாகப் பேசுபவர்கள், வசதியிருந்தால் மட்டும், சுவிட்ச் உள்ளதை யோசிக்கலாம். கடன் எடுத்து வாங்க வேண்டிய சாமான் அல்ல இது.

வாங்கும்போது பின்னைப் பாருங்கள். அதில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் மைக் உண்டு. இரண்டு கோடுகள் என்றால் கேட்கலாம், பேச முடியாது. விலை கூடியவற்றிலும் மைக் இல்லாதவை விற்பனைக்கு வருகின்றன, கேட்டு வாங்குங்கள். உங்கள் தொலைபேசியில் வட்டத் துவாரமா, டைப் சி துவாரமா என்பதையும் பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

காதைக் காப்பது எப்படி?

உள்காதிலுள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மிஞ்சியிருப்பதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஒலியளவை 60 வீதத்துக்குக் கீழே வைக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதன் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம் மட்டுமே.

காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதுவலி உள்ளவர்கள் இதைப் போடவே கூடாது. முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். இறப்பர் முனையை ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்க வேண்டாம். முதலில் பின்னைச் செருகி, சத்தத்தைக் குறைத்து, அதன் பிறகே காதில் வையுங்கள். திடீரென்று "டப்" என்று வரும் ஒலியில் உடம்பெல்லாம் நடுங்கிப்போகும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு காதும் அடைபட்டால் பயமாக இருக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு காதில் மட்டும் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து கேளுங்கள்.

மலையில் கொழுந்து பறிக்கும்போதும், றோட்டிலும் ரயில் பாதையிலும் நடக்கும்போதும் வேண்டவே வேண்டாம். பக்கத்து நிரையில் "குளவி!" என்று கத்துவது கேட்காமல் போனால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஹேண்ட்ஸ்ப்ரீ காது கேட்கும் கருவி ஆகாது. யுத்தத்தின்போது காது பாதிக்கப்பட்டு, "இனி என்ன செய்ய" என்று இத்தனை வருடமாக இருந்துவிட்டவர்கள், அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவி தேவை என்று வைத்தியர் எழுதித் தந்தால், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேளுங்கள்.

அந்த மகள்

மகள் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், முதலில் அவரிடமே பேசினோம். அன்றைக்கு அம்மா ஹேண்ட்ஸ்ப்ரீயை இடது காதில் வைத்துக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே இருந்து பேசினார். அடுத்த காம்பராவுக்கு ஒரு சொல்லும் போகவில்லை. மகள் சம்மதித்த பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, கடவுச்சீட்டு, ஒப்பந்தப் பிரதிகளோடு முறைப்பாட்டைப் பதிந்தோம். இதை எழுதும் வரை ஒரு மாதச் சம்பளம் வந்திருக்கிறது. இரண்டு மாதம் பாக்கி. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"முன்னெல்லாம் அவ பேசினா தலையாட்டிட்டு வச்சிருவேன் மிஸ். இப்ப திருப்பிக் கேள்வி கேக்குறேன்" என்றார் அம்மா.

வெளியில் சொல்ல முடியாத பாரம் உங்களுக்கும் இருந்தால், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, உளநல உதவிக்கு 1926. ஹேண்ட்ஸ்ப்ரீயை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள். அந்தப் பக்கம் சொல்வது பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது.

அடுத்த இதழில் சந்திப்போம்.