கட்டணம் கட்டுபவர் யார்? கழிவு பெறுபவர் யார்?

வடக்கிலே காணி கைமாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. பிள்ளையைக் கனடாவுக்குப் படிக்க அனுப்புவது இன்று அவற்றுள் ஒன்றாகிவிட்டது. தோட்டக் காணியை ஈடு வைத்து, தாயின் நகையை அடகு வைத்து, ஸ்காபரோவில் இருக்கும் மாமனிடம் கைமாற்றும் வாங்கிக் கட்டணம் கட்டுகின்ற குடும்பங்களை நாம் அறிவோம். பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமின்றிக் கற்கும் வழி 1945ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து, ஒவ்வொரு தவணைக்கும் ஆயிரக்கணக்கான டொலர் கேட்கும் நாட்டுக்கு அப்பிள்ளைகள் செல்கின்றனர். கட்டணத்தைத் தவிர, தனியொரு மாணவர் தம் சீவியத்துக்கென 10,000 டொலர் காட்டினால் போதும் என்றிருந்த விதியைக் கனடிய அரசாங்கம் 2024 தை மாதம் முதல் 20,635 டொலராக உயர்த்தியது.

இவ்வளவு பணத்தையும் வாங்கும் அந்நாடு, அதில் ஒரு பகுதியை வரிக் கழிவாகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. அது எவ்வளவு? எவர் கைக்குப் போய்ச் சேருகிறது? இவ்விரு கேள்விகளையும் எம்மவர் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் சட்டம் தருவதைச் சொல்வோம். ஒரு நிலையத்துக்கு ஓர் ஆண்டிற் கட்டிய கல்விக் கட்டணம் 100 டொலரைத் தாண்டுமாயின், அந்நிலையம் ரி 2202 என்னும் அத்தாட்சிப் பத்திரத்தை மாணவருக்குக் கொடுக்கும். அத்தொகையை மாணவர் தம் வருமான வரி அறிக்கையோடு சேரும் 11ஆம் இணைப்புப் படிவத்தில் எழுதவேண்டும். விடுதிச் செலவு, உணவு, மாணவர் சங்கச் சந்தா ஆகியன இதில் அடங்கா. 2024ஆம் ஆண்டு வரை நூற்றுக்கு 15 ஆக இருந்த மத்திய அரசின் கழிவு, அடிமட்ட வரி வீதம் குறைக்கப்பட்டதை அடுத்து 14 ஆக இறங்கிவிட்டது. 20,000 டொலர் கட்டியவருக்கு 2,800 டொலர் கழிவு. வரிச் சட்டத்தின்படி அங்கு வதிவோராகக் கொள்ளப்படும் அந்நிய மாணவருக்கும் இந்த உரிமை உண்டு. பணத்தைத் தந்தை கட்டினாலும் மாமன் கட்டினாலும், முதல் உரிமை மாணவருக்கே.

இதுவரை எல்லாம் நன்றாகவே தோன்றும். ஆனால், இந்தக் கழிவு கையில் தரப்படும் காசன்று; கட்டவேண்டிய வரியிலிருந்து மட்டுமே கழிக்கப்படுவது. வரி இல்லாதவனுக்குக் கழிவும் இல்லை. 2025ஆம் ஆண்டில் 16,129 டொலர் வரையான வருமானத்துக்கு மத்திய வரி விழாது. மாலை நேரத்தில் கடையில் நின்று அதற்குக் குறைவாக உழைக்கும் மாணவனுக்கு, வாடகைக்குத் தவிக்கின்ற அதே ஆண்டில், இச்சலுகையால் ஒரு சதமேனும் கிடைப்பதில்லை.

அப்படியானால் மிஞ்சுவது என்னவாகும்? அதற்கு இரண்டு வழிகளைச் சட்டம் காட்டுகிறது. ஒன்று, அவ்வாண்டுக் கட்டணத்தில் 5,000 டொலர் வரையான தொகையை, மாணவர் தாம் பயன்படுத்தியது போக, வாழ்க்கைத் துணைக்கோ, பெற்றோருக்கோ, பாட்டன் பாட்டிக்கோ மாற்றிக் கொடுப்பது. மற்றது, உழைக்கும் காலம் வரை பிற்காலத்துக்குக் கொண்டுசெல்வது.

முதல் வழியைப் பாருங்கள். கனடாவிலேயே வேலை செய்யும் தந்தையின் மகள் 8,000 டொலர் கட்டணத்தில் 5,000ஐ அவருக்கு மாற்றினால், அவருடைய வரி 700 டொலரால் குறையும். எஞ்சிய 3,000 அவள் கணக்கில் நிற்கும். ஆனால் கோப்பாயில் வெங்காயம் நடும் தந்தைக்குக் கனடாவில் வரி ஏது? கட்டணத்தின் பெரும் பங்கைச் சுமந்த மாமனுக்கும், இரண்டு வேலை செய்து தம்பியைப் படிப்பிக்கும் அக்காளுக்கும் அங்கு வரி உண்டு; ஆயினும் அவர்களைச் சட்டம் உறவாகக் கொள்வதில்லை. எம் குடும்பங்களில் படிப்பிப்பது பெற்றோரின் கடமை மட்டுமன்று. தமையனும் மாமனும் சித்தப்பாவும் சேர்ந்து தூக்கும் பாரம் அது. அந்தப் பாரத்தைத் தூக்குபவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டாவது வழி பொறுமையுள்ளவனுக்கு உதவும். ஆயின் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவேண்டி வருபவனுக்கு, கணக்கிலே நிற்கும் அந்தத் தொகை ஏட்டுச் சுரைக்காயே.

மாகாணங்களின் கதை இதனினும் கசப்பானது. மத்திய அரசாங்கம் 2017 தொடக்கத்தில், முழுநேர மாணவருக்கு மாதத்துக்கு 400 டொலராகவும் நூல்களுக்கு 65 டொலராகவும் கணக்கிடப்பட்ட இரு கழிவுகளை நிறுத்தியது. எட்டு மாதம் படித்தவர் இதனால் ஆண்டுக்கு 558 டொலர் வரிக் கழிவை இழந்தார். எம்மவர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோ மாகாணம் அதே ஆண்டு புரட்டாதியோடு தன் கல்விக் கட்டணக் கழிவையும் நிறுத்தியது. சஸ்காச்சுவான் அவ்வாண்டே நிறுத்தியது. அல்பேர்ட்டா 2020இல் நிறுத்தியது. நியூ பிரன்சுவிக் மாத்திரம் நிறுத்தியதை மீண்டும் கொடுத்தது.

நிறுத்தியோர் காரணம் சொல்லாமலில்லை. வரிக் கழிவு வசதியுள்ள குடும்பங்களுக்கே கூடுதலாக உதவுகிறது. அப்பணத்தை ஏழை மாணவருக்கு நேரடி உதவிப் பணமாகக் கொடுப்பதே நீதி என்றனர். அந்த வாதத்தை நாம் மறுக்கவில்லை. மேலே நாம் காட்டிய குறையும் அதுவே. ஆனால் நடந்தது என்ன? குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளின் சராசரிக் கட்டணத்தை உதவிப் பணத்தால் ஈடுசெய்யும் திட்டத்தை 2017இல் தொடங்கிய ஒன்ராறியோ, ஆட்சி மாறியபின் 2019 தை மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டது. கட்டணத்தில் நூற்றுக்கு 10 குறைக்கப்பட்டது உண்மை. அக்குறைப்போ அந்நிய மாணவரைச் சேரவில்லை. கழிவு போனது; கழிவுக்குப் பதிலாக வந்த உதவியும் போனது. ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றைத் தருவதாகச் சொல்லும் அரசாங்கங்களை, மற்றது கைக்கு வரும்வரை நம்பலாகாது என்பது இலங்கைத் தமிழருக்குப் புதிய பாடமன்று.

ஆகவே நாம் இரண்டு காரியங்களைச் சொல்கிறோம். முதலாவது, கனடாவில் வாக்குரிமை பெற்றுள்ள எம்மவர் தம் பிரதிநிதிகளிடம் கேட்கவேண்டியது: கழிவில் ஒரு பங்கையாவது, வரி இல்லாத மாணவருக்குக் காசாகவே கொடுங்கள். இது இயலாத காரியமன்று. 26 வயதைக் கடந்த உழைப்பாளருக்கு ஆண்டுக்கு 250 டொலராகச் சேர்ந்து, வரி இல்லாவிடினும் கையில் கிடைக்கும் பயிற்சிக் கழிவு ஒன்றை அதே அரசாங்கம் ஏற்கெனவே வைத்திருக்கிறது. உழைப்பாளனுக்குச் செய்ததை இளம் மாணவனுக்கும் செய்யலாம். மாற்றிக் கொடுக்கக்கூடிய உறவினர் பட்டியலில், கட்டணம் கட்டிய உடன்பிறந்தாரையும் மாமன்மாரையும் சேர்க்கலாம்.

இரண்டாவது, சட்டம் மாறும்வரை காத்திராது இன்றே செய்யவேண்டியது. வருமானம் இல்லை என்று சொல்லி வரி அறிக்கை அனுப்பாதிருக்கும் மாணவர் பலர். அது பெருந்தவறு. அறிக்கை அனுப்பினால்தான் மிஞ்சிய தொகை கணக்கிலே பதியப்படும். அவ்வாண்டுக் கட்டணத்தை அவ்வாண்டிலேயே பெற்றோருக்கு மாற்றவேண்டும். பிற்காலத்துக்குக் கொண்டுசென்ற தொகையைப் பின்னர் எவருக்கும் மாற்ற இயலாது. வரி விழும் முதல் ஆண்டிலேயே சேர்ந்த தொகையைப் பயன்படுத்தவேண்டும். விரும்பிய ஆண்டுக்கென ஒதுக்கி வைக்க முடியாது. முன்னைய ஆண்டுகளிற் கேட்கத் தவறியவர், பத்து ஆண்டுகள் வரை பின்சென்று திருத்தம் கோரலாம். வழமையான கடைசி நாள் சித்திரை 30.

ஊரிலிருக்கும் கமக்காரத் தந்தையரிடமும் ஒரு சொல். அடுத்த முறை பிள்ளையோடு தொலைபேசியிற் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்டபின், "வரி அறிக்கை அனுப்பிவிட்டாயா?" என்றும் கேளுங்கள். ஈடு வைத்த காணியை மீட்கும் பணத்தில் ஒரு பகுதி அந்தப் படிவத்திலே கிடக்கக்கூடும்.